கடிதத்தை முந்திக்கொண்ட கதை

1

இக்கதை களவிலிருந்து பிறந்தது. இதனை முதற்கண் ஒப்புக்கொள்வது எழுதுபவரின் கடமையாகும். அவர் பெயர் சங்கரபாண்டி. ஐந்தருவியில் குளிக்க வருவோர்க்கு எண்ணெய் தேய்ப்பவர். நாற்பத்தொன்றாம் அகவையில் தென்காசி முதியோர் பள்ளியில் எழுத்தறிந்தவர்.

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘இயற்கை எழில் கொஞ்சும் குற்றாலத்தின்கண்...’ கைவிடப்பட்டது. அதில் மாடத்தி இல்லை.)

2

1958, ஆனி மாதம். இட்டிலிக் கடை மாடத்தியின் கணவன் முப்பிடாதி, புளியறைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்திற்குப் போய் ஈராண்டாகியும் திரும்பவில்லை. அவனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி அவள் கேட்டாள்.

“நான் சொல்லுதத அப்படியே எழுதுங்க அண்ணாச்சி. உங்க பள்ளிக்கூடத்துத் தமிழ உள்ள விட்றாதீங்க.”

“சொல்லுட்டி.”

“தெனமும் ரெண்டு வட்டில் கழுவுதேன். சோறு ஒண்ணுலதான் போடுதேன்.”

அவர் கை நின்றது. நல்லெழுத்தில் படியெடுப்பதாகச் சொல்லிக் கடிதத்தை இரண்டு மாதம் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதற்குள் அவ்வரியைக் கொண்டு ஒரு சிறுகதை எழுதி, பத்திரிகைக்கு அனுப்பினார். ‘வட்டில்’ என்பதை ‘உண்கலம்’ என மாற்றியது மட்டுமே அவரது கற்பனை. கதை அச்சேறிய பிறகுதான் கடிதம் தபாலேறிற்று.

3

தோட்டத்திலும் அப்பத்திரிகையை உரக்கப் படிப்பார்கள் என்று அவர் எண்ணவில்லை. வந்த மறுமொழியை அவரே மாடத்திக்கு வாசிக்க நேர்ந்தது: “கதைப் புஸ்தகத்தப் பாத்து எழுதி என்னைய ஏமாத்துதியா? உம் மனசுல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. இனி வரமாட்டேன்.”

“அது என்ன கதை அண்ணாச்சி?” என்றாள் மாடத்தி.

[தூண்டுதல் வேறு, களவு வேறு என விளக்கும் பத்தி ஒன்று இங்கே இருந்தது. அடிக்கப்பட்டது. அவள் கேட்டது அதுவன்று.]

அவர் சொன்னார்.

4

முடிவு ஒன்று: சங்கரபாண்டி உண்மையை எழுதியனுப்ப, முப்பிடாதி மனம் மாறி...

(எழுதியனுப்பினார். ‘நல்லாத்தான் கதை எழுதுதீரு’ என்று பதில் வந்தது.)

முடிவு இரண்டு: “வேற ஒண்ணு சொல்லு, தாயி. எங்கயும் அச்சாவாதது.”

“சொன்னா அதயாச்சும் நீங்க சும்மா விட்ருவீங்களா?”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் ஒன்று சொன்னாள். அவர் அதனை எழுதி அன்றே தபாலில் சேர்த்தார், படி வைத்துக்கொள்ளவில்லை.

ஆண்டு நான்காயிற்று. மறுமொழி இல்லை. அவ்வரி அவருக்கு மனப்பாடம். இக்கதைக்கு அதனினும் சிறந்த முடிவு கிடையாது. ஆயினும் இங்கே அதனை எழுதவில்லை. இன்னும் எத்தனை நாள் எழுதாதிருப்பார் என்பதை வாசகர்தாம் சொல்ல வேண்டும்.