ஏழாம் எண் மரத்தலை

மகனின் கட்டிலில், மகனின் தலையணைமேல், மூன்று மாதமாக ஒரு கறுப்புத் தொப்பி இருந்தது. விளிம்பு கீழே, உச்சி மேலே. அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் தொப்பிக்காரருக்குக் கை பரபரத்தது. அப்படி வைத்தால் தொப்பியின் எடை முழுதும் விளிம்பில் இறங்கும். நாளடைவில் வளைவு செத்துத் தட்டையாகிவிடும். தொப்பியை மல்லாத்தித்தான் வைக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக ஊரின் பெரிய ஹோட்டலில் அவர் செய்துவந்த வேலையே அதுதான். வாசல்காவலர்கள், கார் ஓட்டுநர்கள், விருந்து மண்டபத்து ஆட்கள் எல்லோருக்குமாக நாற்பது தொப்பிகள். அவற்றைத் துலக்கி, ஆவி காட்டி, வடிவம் குலையாமல் பெட்டியில் அடுக்கி வைப்பார். சொந்தக்காரர்கள்கூட அவரைத் தொப்பிக்காரர் என்றுதான் சொன்னார்கள்.

முதல் வாரத்தில் ஒருமுறை மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"மல்லாத்தி வைம்மா. விளிம்பு கெட்டுப்போகும்."

"மல்லாத்தினா வெறும் குழியா இருக்குங்க," என்றாள் அவள். "இப்படி வச்சாத்தான் உள்ள தலை இருக்கிற மாதிரி இருக்கு."

அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

மகன் அதே ஹோட்டலின் முன்வாசலில் நான்கு வருடம் நின்றவன். ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், திருப்பத்தில் வந்த லாரி அவனை அடித்தது. ஆஸ்பத்திரியில் தலையை முழுக்கத் துணியால் சுற்றி உடலைத் தந்தார்கள். பிரிக்காமல் இருப்பது நல்லது என்று அங்கிருந்தவர் தணிந்த குரலில் சொன்னார். "ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேங்க" என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னது தொப்பிக்காரர்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. ஹோட்டலில் அவன் முந்தின நாள் மாட்டியிருந்த இடத்தில் தொப்பி மட்டும் அப்படியே இருந்தது. மேலாளர், "நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

இரண்டு வயதில் அப்பாவின் தோளிலிருந்து விழுந்தவன் அவன். இடது காதுக்கு மேலே, பாதிக் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு நின்றுவிட்டது. தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அம்மாவின் விரல் அதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நகரும். "என் கோணத்தலையா" என்பாள். மீசை வந்த பிறகும் அதே பெயர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொப்பி அந்த இடத்தில் அழுத்தியது.

"இடது பக்கம் கடிக்குதுப்பா."

"தொப்பி எங்கடா கடிக்குது, உன் தலைதான் அதைக் கடிக்குது. ரெண்டு மாசம் விடாம போடு, வழிக்கு வரும்."

வந்தது. தொப்பியின் அழுத்திய கம்பளி அப்படித்தான். சூடும் வியர்வையும் பட்டுப்பட்டு, போட்டுக்கொள்பவனின் தலையை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும்.

தினமும் மதியம் அவள் கட்டிலில் உட்கார்ந்து தொப்பிக்குள் கையை விடுவாள். உள்ளே தைத்திருந்த தோல்பட்டையில் விரல் மெதுவாகச் சுற்றிவரும். அவர் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். பாவம், தடவிக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். அந்த விரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் கவனித்ததே இல்லை.

தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அவள் இரண்டு நாள் போக வேண்டி வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "தொப்பியைத் தொடாதீங்க."

"தூசியாவது..."

"இருக்கட்டும்."

மறுநாள் காலை வெளிச்சத்தில் அவர் குனிந்து பார்த்தார். தொட வேண்டும் என்று நினைக்கவில்லை. உச்சியின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு ஓட்டைகள். பக்கத்தில் வெள்ளையாக ஒரு நூல். உற்றுப் பார்த்தால் நெளிந்தது. கம்பளி தின்னும் புழு. இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் தொப்பி சல்லடையாகிவிடும். மகனுக்காகச் செய்ய ஒன்றுமே இல்லை என்று மூன்று மாதமாகச் சும்மா கிடந்த கைகளுக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது. தொப்பியைப் பெட்டியில் மல்லாத்தி வைத்து எடுத்துக்கொண்டு, விடுமுறை நாளிலும் ஹோட்டலுக்குப் போனார்.

சலவைப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, லீவு நாள்லயும் தொப்பியா? மேல போனாலும் உங்களுக்கு நாப்பது தலை வரிசையா காத்திருக்கும், தொடைச்சு விடுங்கன்னு."

"பூச்சி அரிச்சிருக்கு."

"யாரோடது?"

தொப்பிக்காரர் பெட்டியைத் திறந்தார். சலவைக்காரர் ஒரு கணம் நின்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

துலக்கினார். தோல்பட்டையை வெளியே புரட்டி ஈரத்துணியால் துடைத்தார். கெண்டியின் மூக்கில் ஆவி சீறத் தொடங்கியதும் தொப்பியை அதன்மேல் பிடித்தார். அப்போது வந்தது அந்த வாசனை. தலையெண்ணெய், வியர்வை, அவருக்குத் தெரியாது என்று நினைத்து அவன் பிடித்த சிகரெட். அறையே அவனாக நிறைந்தது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். அவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி மூச்சை இழுத்தபோது ஈரக் கம்பளி வாசனைதான் இருந்தது.

அப்போதாவது அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இளகிய கம்பளி ஆறுவதற்குள் அச்சில் ஏற்ற வேண்டும் என்பது கைக்குத் தெரியும். கை எப்போதும்போல் வேலையைப் பார்த்தது. அலமாரியில் வரிசையாக இருந்த மரத்தலைகளில் அவன் அளவான ஏழாம் எண்ணை எடுத்தது, தொப்பியை அதில் இறக்கியது, அடியில் கயிற்றைச் சுற்றி இறுக்கியது.

மாலையில் கழற்றியபோது ஒரு குறை இல்லை. விளிம்பு மறுபடி வளைந்து நின்றது. வீட்டுக்கு வந்து, அவள் வைத்திருந்தபடியே தலையணைமேல் வைத்தார். அவளுக்காக அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தார். அன்று மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் மதியம் அவள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாள். கையைத் தொப்பிக்குள் விட்டாள். விரல் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. எங்கும் நிற்கவில்லை.

அவர் கதவோரம் நின்றிருந்தார்.

"கோணல் எங்கங்க?" என்றாள்.

"பூச்சி அரிச்சிருந்துச்சும்மா. ஆவி காட்டி, அச்சுல..."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று, முடியாமல், மறுபடி முயன்றார்கள்.

"அன்னிக்கும் பார்க்க விடல," என்றாள். குரல் உயரவில்லை.

அவர் சமையலறைக்கு ஓடினார். தண்ணீர் கொதித்தது. அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். ஆவியில் தொப்பியைக் காட்டி, உள்ளே கட்டைவிரலை வைத்து, இடது பக்கம் வெளியே தள்ளினார். நாற்பது பேரின் தலையளவும் மனப்பாடமாகத் தெரிந்தவர். அந்தப் புடைப்பை ஒருநாளும் அளந்ததில்லை. அது அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

"இங்கதானே?"

"கொஞ்சம் மேல."

"இப்போ?"

அவள் தொட்டுப் பார்த்தாள். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கட்டைவிரல் வெந்து சிவந்தது, எடுக்கவில்லை. அவள் மறுபடி தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள்.

"விடுங்க," என்றாள். "இது உங்க விரல்."

அவர் கையிலிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனாள். தலையணைமேல் வைத்தாள், அவர் முதல் வாரத்திலேயே சொன்னபடி, மல்லாத்தி.