பரண் அறைக்கு ஒரு கையெழுத்து

கூரைச் சரிவுக்குள் முழங்கையால் ஊர்ந்து நுழைந்ததுமே பெவர்லியின் முகத்தில் அறைந்தது நாற்றம். எலி மூத்திரம். இருபது வருடமாக இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்ப் பரண்களில் வயர் இழுப்பவள். எலி குடியிருந்த வீட்டில் அது எப்போது காலி செய்தது என்று அவள் மூக்கே சொல்லிவிடும். இது இன்னும் காலி செய்யவில்லை.

சரிவை மறைத்த சுவருக்கு முன்பக்கம் எல்லாம் லட்சணம்தான். வீட்டுக்காரன் நைஜல் பரணைப் படுக்கையறையாக்கி, புதுக் கம்பளம் விரித்து, கதவில் ஊதா எழுத்தில் எரின் என்று எழுதியிருந்தான். எரின் அவன் மனைவி ஷீனாவின் முதல் திருமணத்துப் பெண். பத்து வயது. அப்பா வீட்டிலிருந்து சனிக்கிழமை இங்கே குடிவருகிறாள். ஆறு பிளக் பாயின்ட், ஐந்து விளக்கு, முடிவில் மின் பாதுகாப்புச் சான்றிதழில் ஒரு கையெழுத்து. பெவர்லியின் வேலை இவ்வளவுதான்.

குளிருக்கு அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சைப் புரட்டினாள். கையுறையில் புழுக்கை அப்பியது. அடியில் கிடந்த பழைய வயரின் தோலை எலி கொறித்திருக்க, செம்பு பல்லிளித்தது. கீழறைக் கூரையில் நைஜலே பதித்த விளக்கின் தலையில் பஞ்சை அமுக்கியிருந்தான். பஞ்சு தீய்ந்து, கருகிய அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தாள். நைஜல் தேநீரோடு நின்றான்.

"இந்தா கண்ணு, மூணாவது கப்."

"என் பேர் பெவர்லி. உள்ள வயர் பூரா எலி தின்னிருக்கு. எல்லாத்தையும் புதுசா இழுக்கணும்."

"அந்தப் பழைய வயர்லயே சேர்த்து விட்டுடேன்."

"ராத்திரி தூக்கத்துல தீப்பிடிச்சா?"

"பிடிச்சாதானே. அவ என்ன ராணியா? என் பொண்ணாயிருந்தாலும் இதுதான்." சிரித்தான். "கையெழுத்துப் போட்டுட்டுப் போ தாயி."

பெவர்லி கையுறையைக் கழற்றி எறிந்தாள். கோப்பையை வாங்கி ஒரு வாய் தேநீர் குடித்தாள். ஏதோ இறகு வாடை.

"சமையலறையத்தான் பேத்துப் போட்டிருக்கீங்களே, தண்ணி எங்க பிடிச்சீங்க?"

"பாத்ரூம் குழாய்லதான். ரெண்டு வாரமா அதான்."

குளியலறைக் குழாய்க்குத் தண்ணீர் பரண் தொட்டியிலிருந்து வருகிறது. அந்தத் தொட்டி அவள் ஊர்ந்துவிட்டு வந்த சரிவின் கோடியில் இருந்தது, மூடியில்லாமல். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு புறா மல்லாந்து மிதந்தது. ஊதிப் போய், ஒரு கண் இல்லாமல். சுற்றிலும் சவ்வு படர்ந்திருந்தது.

"நைஜல், வந்து உங்க டீயைப் பாருங்க."

தலையை நீட்டினான். பார்த்தான். அடுத்த நொடி எரினின் புதுக் கம்பளத்தில் காலைச் சாப்பாடு முழுதும் விழுந்தது.

"பிடுங்கிடு," என்றான் வாயைத் துடைத்தபடி. "தொட்டி, வயர், எல்லாத்தையும் பிடுங்கிடு. இன்னைக்கே."

"தொட்டிக்குப் பிளம்பரைக் கூப்பிடுங்க. வயர் நான் பார்த்துக்கறேன். முழுசாப் புதுசு. அதுவரைக்கும் எரின் இங்க படுக்கக் கூடாது."

"சரி, சரி."

"எரின் ரூம் எலிக்கு வராத வாந்தி உங்க டீப் புறாவுக்கு வந்துடுச்சு."

நைஜல் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினான். பெவர்லி மெயின் பெட்டிக்குப் போய், பரணின் சுவிட்சை இறக்கி, மேலே சிவப்பு டேப் ஒட்டினாள். சான்றிதழைக் கையெழுத்தில்லாமல் பையில் திணித்தாள்.

குளியலறைக்குள் குழாய் திறக்கும் சத்தம். தொண்டை வரை அதே தொட்டித் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

பெவர்லி வாயைத் திறக்கவில்லை.