சப்பரம் சுமந்த தோள்

அசகுசாவில் எங்கள் தெருச் சப்பரம் கோயில் திரும்பிய சாயங்காலம், தூக்கியவர்கள் எல்லோரும் பொதுக் குளியல்கூடத்தின் வெந்நீர்த் தொட்டியில் கிடந்தோம். அங்கே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. தோளைப் பார்த்தாலே யார் எவ்வளவு சுமந்தார் என்று தெரிந்துவிடும்.

"டேய் ஹிசாஷி, தோள்ல சோத்து உருண்டையா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று மீன்கடை தொபிதா அண்ணன் என் வீக்கத்தைத் தட்டிச் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா புருஷன் கியோதகாவை, கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம் சேர்த்துவிட்டவன் நான். அவர் போட்டிருந்த, தெருப் பெயர் எழுதிய நீலச் சட்டைகூட என்னுடையதுதான். வழியெல்லாம் கோஷம் போட்டுக் கத்தியது அந்த மனுஷன்தான். ஆனால் சப்பரக் கட்டையின் கீழே முழங்காலை மடித்து மடித்து நழுவியே வந்தார். பின்னால் நின்ற என் தோளில் அவர் பாரமும் இறங்கியது.

இப்போது மூலையில் உட்கார்ந்து, சுவர்க் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து, முரட்டுத் துண்டால் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு முனகிக்கொண்டே தொட்டிக்குள் வந்தார்.

"அப்பப்பா, உயிரே போகுது! பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு!"

எங்கள் வரிசை முழுவதும் வலது தோளில் சுமந்தது. அவர் காட்டியது இடது தோள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தொபிதா அண்ணன் பணிவாகத் தலை குனிந்தார். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க."

பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தங்கள் வலது தோளைத் தண்ணீருக்குள் இறக்கி மறைத்துக்கொண்டார்கள். அவருக்காக இல்லை, எனக்காக.