ஞாயிற்றுக்கிழமைக் குப்பிகள்

ஜைபா கற்பூரத்தைப் பொடித்துக்கொண்டிருந்தாள். அத்தாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்க வேண்டும். கொல்லையில் தம்பி தௌசிப்பும் ஜமாத்து ஆட்களும் துணி மறைப்புக் கட்டினார்கள். பெங்களூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியது முதல், எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோலவே இருந்தது அவளுக்கு.

கைப்பையில் டீசல் குப்பி ஒன்று இருந்தது. டீசலிலுள்ள கந்தகத்தைத் தின்றுவிடும் நுண்ணுயிர்களை வளர்ப்பது அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில் குடுவைகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கலாக, கோடிக்கணக்கான வாய்கள். கந்தகம் குறைந்துவிட்டதென்று இயந்திரம் சொன்னால் அவளுக்குப் போதாது. அத்தா சொல்ல வேண்டும். ஓசூரில் முப்பது வருஷம் டீசல் பம்பு பழுது பார்த்த குலாம் ரசூலின் மூக்குக்கு அப்படியொரு பேர். முகர்ந்தே கலப்படத்தைச் சொல்லிவிடுவார்.

மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு குப்பி. கண்ணை மூடி நிதானமாக முகர்வார். பதில் ஒன்றுதான்.

"கந்தக வாடை இன்னும் இருக்குது பாப்பா. அடுத்த வாரம் கொண்டா."

அந்தக் குப்பியையும் அலமாரியில் வரிசையாக வைத்துவிடுவார். 'போச்சு' என்று ஒரு தடவை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை. அவர்மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது.

"இந்த வாட்டி மெஷின்ல ஒண்ணுமே காட்டலம்மா. அத்தா மோந்து பாத்திருந்தா..."

அம்மா தில்ஷாத் உரலை வாங்கிக் கீழே வைத்தாள். "அவருக்கு ஏது மூக்கு? கொரோனா வந்தப்பவே போயிருச்சு. கொழம்பு தீஞ்சாக்கூடத் தெரியாது. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

"அப்ப எதுக்கு வாராவாரம்..."

"போச்சுன்னு சொல்லிட்டா நீ வாராவாரம் வருவியா?"

தௌசிப் வந்து கற்பூரம் கேட்டான். ஜைபா எடுத்துக் கொடுத்தாள்.

மதியத் தொழுகைக்கு அத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். தெருமுனை காலியானதும் அவள் உள்ளே வந்து அத்தாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். குப்பியைத் திறந்து, கண்ணை மூடி, அவரைப்போலவே நிதானமாக முகர்ந்தாள். அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"போச்சா?" என்றாள் அம்மா, கதவருகே நின்று.

"இன்னும் இருக்குதும்மா. அடுத்த வாரம் கொண்டாறேன்."

அம்மா குப்பியை வாங்கி அலமாரி வரிசையின் கடைசியில் வைத்தாள். பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டாள்.