சாந்த்ராகாச்சிக்கு அடியில்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது, கொஞ்ச நாளில் சென்னைக்கே திரும்பிவிடலாம் என்று வசுமதி தன் கணவன் ஹரிஷங்கரிடம் சொல்லியிருந்தாள். டாக்குரியாவில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அதன்பிறகு அவளை அங்கேயே இருத்தி வைத்தது ஒரு கோடு.

புருலியாவின் பாறை நிலத்திலிருந்து சுந்தரவனம் வரை பூமியின் ஆழத்தை அளந்துகொண்டே போகும் அரசு ஆய்வுக் கோடு அது. வசுமதி அந்த ஆய்வில் விஞ்ஞானி. வங்காளத்தின் ஆற்று வண்டலுக்கு அடியில், பல கிலோமீட்டர் கீழே, பழைய கண்டம் எங்கோ முடிகிறது. அவ்வளவு ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்க்க முடியாது. ஆனால் சூரியனிலிருந்து வரும் துகள்களும் தொலைதூர மின்னல்களும் பூமிக்குள் மெல்லிய மின்னோட்டத்தை ஓடவிடுகின்றன. மண்ணில் மின்முனைகளையும் காந்தச் சுருள்களையும் புதைத்து அதைப் பதிவு செய்தால், கீழே என்ன இருக்கிறது என்று ஓரளவு கணக்கிடலாம். ஆழம் கூடக்கூட நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கொல்கத்தாவைச் சுற்றியுள்ள இடத்தில்தான் அது முடியாமல் போனது. ரயிலும் மெட்ரோவும் மின்கம்பிகளும் மண்ணுக்குள் கசியவிட்ட மின்சாரத்தில் மற்றதெல்லாம் அமுங்கிப்போயிற்று. கோட்டின் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. கண்டத்தின் விளிம்பு அதற்குள்தான் இருந்தது.

ஆரம்பத்திலிருந்து அவளுடன் அந்தக் கோட்டில் அலைந்தவர் முகமது இஸ்மாயில். கீழக்கரைக்காரர், அவளுக்கு மூத்த அதிகாரி. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்தார். அப்படியும் களத்துக்கு வருவதை விடவில்லை.

ஒரு கோடையில், கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் பெரிய தண்டவாள வேலை வந்தது. சில நாட்களுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலான ரயில்கள் ரத்து என்று அறிவித்தார்கள். இருவரும் உடனே கருவிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். யார்டைத் தாண்டி, ஒரு குளக்கரைத் தோட்டத்தில் குழி வெட்டிச் சுருள்களைப் புதைத்தார்கள். மறுநாள் காலையில் மடிக்கணினியைத் திறந்தபோது, இத்தனை வருடங்களில் பார்த்திராத சுத்தமான அலை திரையில் ஓடியது. இஸ்மாயில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னும் மூன்று நான்கு நாள் இப்படிக் கிடைத்தால் போதும் என்றார். தோட்டக்காரர் வீட்டிலிருந்து வந்த தேநீரைப் பாதிதான் குடித்தார், தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் அவர்.

அன்று சாயங்காலம் காலபைசாகி, வங்காளத்தின் கோடைப் புயல், அடித்தது. காற்று தென்னைகளை வளைத்தது, குளம் பொங்கிக் குழிகளுக்குள் பாய்ந்தது. பக்கத்திலேயே விழுந்த இடி பதிவுக் கருவியைக் கருக்கிவிட்டது. மாற்றுக் கருவி ஹைதராபாத்திலிருந்து வந்து சேர்வதற்குள் ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கையில் இருந்த ஒரு நாள் பதிவு, வண்டலின் அடியைக்கூடத் தொடவில்லை.

வரைபடத்தை இனியும் தள்ளிப்போட முடியாது என்றார் இயக்குநர் பார்த்தசாரதி. இரண்டு பக்கத்து முனைகளையும் இணைத்து விளிம்பை வரைந்துவிடச் சொன்னார். அந்த இடத்தை வெறுமையாக விடலாம் என்று வசுமதி வாதாடினாள். அடுத்த வாரம் வரைபடக் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. விளிம்பு சாந்த்ராகாச்சிக்கு அடியில் வழவழவென்று போய்க்கொண்டிருந்தது. கீழே இஸ்மாயிலின் கையெழுத்து.

அவள் பாலிகஞ்சில் அவருடைய ஃப்ளாட்டுக்குப் போனாள். டயாலிசிஸ் முடிந்து வந்து சாய்ந்திருந்தார். ஊசி குத்திய கை வீங்கியிருந்தது.

"ஏன் சார் போட்டீங்க?"

"வேற என்னம்மா பண்ண? இனிமே ட்ரெயின் கொறையவா போகுது?"

"தெரியலன்னு எழுதியிருக்கலாமே."

"எழுதலாம்தான்." வீங்கிய கையைத் தலையணை மேல் எடுத்து வைத்தார். "மேப் முடிஞ்சு போன மாதிரி ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். நீயும் போட்டுடு, வசுமதி."

கோபத்தோடு வந்தவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். திங்கட்கிழமை அவளும் கையெழுத்திட்டாள். வரைபடம் அச்சாகி வந்தபோது இஸ்மாயில் உயிரோடு இல்லை.

ஒரு வருடம் கழித்து ரஞ்சனா என்ற ஆராய்ச்சி மாணவி ஃபோன் செய்தாள். வங்காள வாடை வீசும் தமிழ். அந்த விளிம்பை வைத்து இந்தப் பகுதியின் நில அதிர்வு அபாயத்தைக் கணக்கிடுவதாகச் சொன்னாள்.

"அந்த எடத்துல நாங்க எதையும் அளக்கலம்மா. அது சும்மா இழுத்த கோடு," என்றாள் வசுமதி.

"மேடம், இத மெயில்ல எழுதித் தருவீங்களா? என் ரிசர்ச் கைட் நம்ப மாட்டார்."

தருகிறேன் என்றாள். எழுத உட்கார்ந்தாள். யார் வரைந்தது என்று சொல்லாமல் அதை எழுத வழியில்லை. இஸ்மாயிலின் பெயரை எழுதி அழித்தாள், தன் பெயரை மட்டும் போட்டுப் பார்த்தாள், அதையும் அழித்தாள். ரஞ்சனா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். வசுமதி எடுக்கவில்லை.

ரஞ்சனாவின் ஆய்வேடு ஏற்கப்பட்டதை வசுமதி அலுவலகத்தில்தான் கேள்விப்பட்டாள். அதில் தங்கள் வரைபடத்தை ஆதாரமாகக் காட்டியிருந்ததில் பார்த்தசாரதிக்குச் சந்தோஷம். எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வசுமதியும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.