மெஷின் மேல் ஒரு புகார்

மூன்று வாரம் போனில் கத்திய பிறகு சர்வீஸ்காரர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். பையைப் பொத்தென்று என் மேசைமேல் வைத்துவிட்டு, நான் நேற்றுதான் கூப்பிட்டது மாதிரி, "என்ன மேடம் பிரச்சினை?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரச்சினையா? உங்க மெஷின் வாயைத் திறந்தா பொய் சார்."

இந்த நரம்புப் பரிசோதனை அறையில் பதினேழு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காரர்கள். கெண்டைக்காலில் துளி மின்சாரம் கொடுத்தால், கணுக்காலில் ஒட்டிய பட்டை அதைப் பிடித்துத் திரையில் அலையாகக் காட்டும். நரம்பு நன்றாக இருந்தால் அலை எழும்பும், கெட்டிருந்தால் படுத்துவிடும். தினமும் முதல் ஆள் வருவதற்குள் என் இடது காலில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவேன். யாரும் சொல்லித் தந்த முறையல்ல, நானாகப் பிடித்த பழக்கம். வருடக்கணக்காக அலையின் உயரம் பதினான்கு காட்டியது. போன வருடம் பதினொன்று, அப்புறம் எட்டு. இப்போது மூன்று. மெஷினுக்கு வயதாகிவிட்டது, வேறென்ன? அதனால் இந்த மூன்று வாரமாக, அலை படுத்துப்போன பதினோரு பேரிடமும், "பயப்படாதீங்க, மெஷின்தான் சரியில்ல, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதில் ஒரு சமையல்காரர் வாயெல்லாம் பல்லாகப் போனார்.

சர்வீஸ்காரர் கம்பிகளைக் கழற்றி மாட்டினார், தன் சோதனைப் பெட்டியைச் செருகிப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனது.

"எல்லாம் கரெக்டாதான் மேடம் இருக்கு."

"அப்படியா? என் கால்ல மூணுதான் காட்டுது. உங்க கால்லயே பாத்துருவோம், உக்காருங்க."

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கும் தொப்பை. இவர் கால் எங்கே தேறப்போகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பட்டையை ஒட்டிப் பொத்தானை அழுத்தினேன். மனிதர் "அய்யோ!" என்று துள்ளினார். திரையில் பதினாறு.

மறுபடி அழுத்தினேன். பதினாறு. பட்டையைப் பிய்த்து வேறொன்று ஒட்டினேன். அதே பதினாறு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் ஞாபகம் வந்தது என் கால் இல்லை, அந்தப் பதினோரு பேர். சமையல்காரரிடம் வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்றுகூட நான் சொல்லவில்லை.

"உங்களுக்கு சுகர் ஏதும் இருக்கா மேடம்?"

"சேச்சே. பார்டர்தான். பிரஷருக்கு ஒரு மாத்திரை. கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. இடுப்பு... அது ரெண்டு பெத்த இடுப்பு சார், அப்படித்தான் இருக்கும்."

சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. இதையெல்லாம் இதே வரிசையில் யாராவது என்னிடம் சொன்னால், "பார்டர்னா நரம்புக்குத் தெரியுமா?" என்று கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன்.

இழுப்பறையிலிருந்து, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழையை எடுத்தேன். பேனா மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முனையில் விரல் நீளத்துக்கு இழை. இதில் கம்பியும் இல்லை, திரையும் இல்லை. அவர் கையில் கொடுத்துவிட்டு, நோயாளிகள் படுக்கும் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

"கட்டைவிரல்ல வெச்சு, இழை வளையற வரைக்கும் அழுத்துங்க. பட்டதும் நான் சொல்றேன்."

கண்ணை மூடினேன். வெளியே யாரோ இருமினார்கள். மின்விசிறி கடகடவென்றது.

"ம், ஆரம்பிங்க சார்."

காலில் எதுவும் பட்ட மாதிரி தெரியவில்லை.

"என்ன சார் கூச்சம்? என் கால் ஒண்ணும் கடிச்சுடாது."

எரிச்சலோடு தலையைத் தூக்கிக் கண்ணைத் திறந்தேன். சர்வீஸ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் காலருகே குனிந்திருந்தார். இழை என் கட்டைவிரலில் ஊன்றி, பாதிக்குமேல் வளைந்து நின்றுகொண்டிருந்தது.