விதோமிர் கழற்றிய பல்பு

விதோமிரின் பழைய கார் சாவியைத் திருப்பியதும் கிளம்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது; தள்ளித்தான் கிளப்பினான். பீரோட் ஊரில் அவர்கள் தெரு நல்ல சரிவு என்பதால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மனைவி தேசாங்கா எடுத்துக்கொண்டாள். நீஷ் நகரத்தில் அவளுடைய ஞானத்தாய் வீட்டில் புனிதர் நாள் விருந்து. அந்தத் தெரு சமதரை; அங்கே உருட்டிக் கிளப்ப முடியாது.

முதலில் புது பேட்டரி போட்டார்கள். அதுவும் படுத்துவிட்டது. தேசாங்காவின் அண்ணன் பிளாகோயே வந்து, பானட்டைத் திறக்காமலே "பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் போச்சு" என்றான். காயலான் கடையில் வேறொன்று பிடித்து மாட்டினார்கள். கழற்றியதைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டார்கள். கார் திருந்தவில்லை.

விருந்தன்று காலை பிளாகோயே மீட்டரோடு வந்தான். வண்டியைத் தள்ளிக் கிளப்பி, எஞ்சின் ஓடும்போதே பேட்டரியில் வைத்துப் பார்த்தான்.

"பன்னெண்டு வோல்ட். பதினாலு காட்டணும். சார்ஜ் ஏறல."

"அது தெரியாமலா மச்சான் தெனமும் தள்ளுறேன்?"

"இப்ப அளந்து சொல்றேன்ல."

எஞ்சினை அணைத்தார்கள். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார்கள், விறைப்பாக இருந்தது. ஒயர் முனைகளைச் சுரண்டினார்கள். பிறகு யோசிப்பதற்காக ஆளுக்கொரு கிளாஸ் ரக்கியா சாராயம் ஊற்றிக்கொண்டார்கள். விருந்து உடையில், மடியில் கேக்கோடு, தேசாங்கா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பொறுமை போய்ச் சாவியைத் திருப்பினாள்.

"அண்ணா, ஆயில் லைட் எரியுது. பேட்டரி லைட் எரியல."

"எரியலன்னா நல்லதுதானே."

"எஞ்சினே ஓடலயே. இப்ப எரியணும்ல?"

பிளாகோயே கிளாஸைக் கீழே வைத்தான். "எரியணும். அந்த பல்பு வழியா போற கொஞ்சூண்டு கரண்ட்லதான் ஆல்டர்னேட்டரே முழிச்சுக்கும்."

இருவரும் விதோமிரைப் பார்த்தார்கள். அவன் பிளம் மரத்தைப் பார்த்தான்.

"அது எப்பப் பாத்தாலும் செவப்பா எரிஞ்சு கண்ணக் குத்துச்சு. கழட்டிட்டேன்."

"பெல்ட்டு தொளதொளன்னு இருந்துச்சு, அதான்யா எரிஞ்சிருக்கு!" என்றான் பிளாகோயே.

"பெல்ட்ட அப்புறம் இறுக்கிட்டேனே."

தேசாங்கா கேக்கை அவன் கையில் கொடுத்தாள். அண்ணனும் தங்கையுமாக டேஷ்போர்டைப் பிரித்து, கடிகாரத்துக்குப் பின்னாலிருந்த அதே மாதிரி பல்பை உருவி அங்கே செருகினார்கள். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது. வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்பினார்கள். சிவப்பு அணைந்தது. மீட்டர் பதினாலைக் காட்டியது.

"நான் மொதல்லயே நெனச்சேன்," என்றான் பிளாகோயே. யாரும் மறுக்கவில்லை, நேரமாகியிருந்தது.

தேசாங்காதான் ஓட்டினாள். நீஷ் சாலையில், நல்ல வெயிலில், விதோமிர் சோதித்துப் பார்க்க ஹெட்லைட், ஹீட்டர், வைப்பர் மூன்றையும் போட்டுவிட்டு டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கார் நிற்கவில்லை.

"நல்ல ஆல்டர்னேட்டர்," என்றான்.

"கடைக்காரன்கிட்ட குடுத்த பழசும் நல்லதுதான்," என்றாள் தேசாங்கா.

விதோமிர் ஹீட்டரை மட்டும் அணைத்தான். கேக்கின் க்ரீம் உருகத் தொடங்கியிருந்தது.